கிளாஸ்கோ நகரச் சின்னத்துல மோதிரம் கவ்வுன மீன் ஏன்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

தூரதேசத்துக்காரன்:

மக்களே வணக்கம். மாஸ்டர்ஸ் படிக்க கிளாஸ்கோ வந்திருக்கேன், வந்த நாள்ல இருந்து ஒரு விஷயம் மண்டைய குடைஞ்சுக்கிட்டே இருக்கு. இந்த ஊர்ல எங்க திரும்புனாலும் ஒரே படம்தான். கவுன்சில் லெட்டர்ல இருக்கு, பழைய கட்டடங்க வாசல்ல கல்லுல செதுக்கியிருக்காங்க, கதீட்ரல் முன்னாடி நிக்கிற லேம்ப் போஸ்ட்ல இரும்புலயே வார்த்து வச்சிருக்காங்க. ஒரு மரம், மரத்து உச்சில ஒரு குருவி, ஒரு பக்கம் மணி, அடிமரத்துல ஒரு மீன். முழுசா வரைஞ்ச கேடயத்தைப் பார்த்தா அந்த மீன் மல்லாக்க கெடக்கு, வாயில மோதிரம் வேற. அது பத்தாதுன்னு கேடயத்துக்கு ரெண்டு பக்கமும் வாட்ச்மேன் மாதிரி இன்னும் ரெண்டு மீன், அதுங்க வாயிலயும் ஆளுக்கொரு மோதிரம். எல்லாத்துக்கும் மேல குல்லா போட்ட பிஷப் ஒருத்தர் கைய தூக்கி ஆசீர்வாதம் பண்றாரு.

ஹவுஸ்மேட் இந்த ஊர்ப் பையன்தான், அவன்கிட்ட கேட்டா ஸ்கூல்ல சொல்லிக்குடுத்த பாட்டுன்னு "பறக்காத குருவி, வளராத மரம், அடிக்காத மணி, நீந்தாத மீன்"னு ஒரு தினுசா பாடிட்டு எனக்கு இவ்ளோதான்பா தெரியும்னு போயிட்டான். இதை யாரு எப்போ டிசைன் பண்ணாங்க? ஸ்காட்லாந்து புராட்டஸ்டன்ட் நாடாச்சே, அங்க பிஷப் எப்படி மேல உட்கார்ந்திருக்காரு? நெட்ல தேடுனா டூரிஸ்ட் சைட்டுங்கதான் வருது, எல்லாத்துலயும் அதே நாலு வரி.

சும்மா ஒரு ஆளு:

மோதிரத்தை முழுங்குன மீனா? அது நம்ம சகுந்தலை மீனாச்சேப்பா, ஸ்காட்லாந்துக்கு எப்போ விசா எடுத்துச்சு.

கிளைட் ஆத்தங்கரை:

தம்பி நல்லா இருக்கியா. நான் இந்த ஊர்ல ரொம்ப வருஷமா குப்பை கொட்டிட்டு இருக்கேன், என் பசங்களும் அந்தப் பாட்டைப் பாடித்தான் வளர்ந்தாங்க, அதனால கதை எனக்கு மனப்பாடம்.

மேல இருக்கற பிஷப் பேரு செயின்ட் மங்கோ. ஒரிஜினல் பேரு கென்டிகெர்ன். 6ஆம் நூற்றாண்டுல பொறந்து 7ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல செத்துப் போனவரு, இந்த ஊரோட காவல் தெய்வம்னே வச்சுக்கோயேன். அவங்க அம்மா தெனியூ ஒரு ராஜா பொண்ணு. கல்யாணம் ஆகாம கர்ப்பமாயிட்டான்னு அப்பங்காரனே மலை மேல இருந்து உருட்டி விடச் சொல்லியிருக்கான், அப்பவும் சாகலைன்னு ஒரு பரிசல்ல வச்சு கடல்ல தள்ளி விட்டுட்டாங்க. அந்தப் பரிசல் ஃபைஃப் பக்கம் கூரஸ்னு ஒரு ஊர்ல கரை ஒதுங்கி, அங்கதான் புள்ளை பொறந்துச்சு. நீ சப்வேல இறங்குவல்ல செயின்ட் ஈனக் ஸ்டேஷன், அது அந்த அம்மா பேருதான், காலப்போக்குல வாயில வழுக்கி அப்படி ஆயிடுச்சு.

கூரஸ்ல செயின்ட் செர்ஃப்னு ஒரு துறவி நடத்துன மடத்துலதான் பையன் வளர்ந்தான். குருவியும் மரமும் அங்க நடந்த கதைங்க. குரு ஒரு ராபின் குருவி வளர்த்தாரு, மத்த பசங்க விளையாடி அதைக் கொன்னுட்டு பழிய இவன் தலைல கட்டிட்டாங்க, இவன் கையில எடுத்து ஜெபம் பண்ணான், குருவி எழுந்திரிச்சிடுச்சு. இன்னொரு நாள் ராத்திரி மடத்து அடுப்பு நெருப்பு அணையாம பாத்துக்கறது இவன் டூட்டி, தூங்கிட்டான், பொறாமை புடிச்ச பசங்க நெருப்பை அணைச்சுட்டாங்க. வெளிய போயி பனில விறைச்சுப் போன ஹேசல் கிளைய ஒடிச்சிட்டு வந்து ஜெபம் பண்ணதும் பத்திக்கிச்சாம். மணி அவரு ரோமுக்குப் போயிட்டு கொண்டாந்ததுன்னு சொல்றாங்க.

மீன் கதைதான் மசாலா. அந்தப் பக்கத்து ராஜா ரிடெர்க், ராணி லாங்குவோரெத். ராஜா ஆசையா போட்ட மோதிரத்தை ராணி ஒரு சிப்பாய்க்குக் குடுத்துட்டா. ஏன் குடுத்தான்னு நான் விளக்க வேண்டியதில்லை. வேட்டைக்குப் போன இடத்துல அந்தப் பய ஆத்தங்கரையில அசந்து தூங்குறான், கை விரல்ல மோதிரம் மின்னுது, ராஜா பாத்துட்டாரு. அங்கயே வெட்டாம மெல்ல கழட்டி கிளைட் ஆத்துல வீசிட்டு நல்ல புள்ளையா அரண்மனைக்கு வந்து "கண்ணு, அந்த மோதிரத்தை கொஞ்சம் எடுத்துட்டு வா, பாக்கணும் போல இருக்கு"ன்னாரு. ராணிக்கு வேர்த்து விறுவிறுத்துப் போச்சு. சிப்பாய்கிட்ட ஆள் அனுப்புனா அவன்கிட்டயும் இல்லை. கடைசியில மங்கோ கால்ல விழுந்து நடந்ததை மறைக்காம ஒத்துக்கிட்டா. அவரு ஒரு ஆளைக் கூப்பிட்டு ஆத்துல தூண்டில் போடு, மொதல்ல மாட்டுற மீனை எடுத்துட்டு வான்னாரு. சால்மன் மாட்டுச்சு, வயித்தைக் கீறுனா மோதிரம். ராணி தப்பிச்சா. புருஷன்தான் மன்னிப்பு கேட்டாராம், அது தனிக் கூத்து.

முத்திரை மாமா:

ஆத்தங்கரை அண்ணே கதை சொன்ன விதம் பிரமாதம். தம்பி கேட்ட "யாரு எப்போ டிசைன் பண்ணா"ங்கற கேள்விக்கு நான் வர்றேன், பழைய சீல், நாணயம் இதுல எல்லாம் எனக்கு பைத்தியம் உண்டு, கொஞ்சம் நீளும் பொறுத்துக்கோங்க.

ஒருத்தரும் உட்கார்ந்து டிசைன் பண்ணலை. பிஷப்புங்க மெழுகுல குத்துன முத்திரைல இருந்து ஊர்க்காரங்க ஒண்ணு ஒண்ணா எடுத்து சேர்த்துக்கிட்டது, பல நூற்றாண்டு கழிச்சு சட்டத்துக்காக ஒரு நாள் உட்கார்ந்து இதுதான்னு எழுதி வச்சாங்க.

மங்கோவைப் பத்தி முழுசா கெடைக்கிற வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டது 12ஆம் நூற்றாண்டு கடைசியில, அதாவது அவர் செத்து அஞ்சு நூற்றாண்டு தாண்டி. எழுதுனது ஃபர்னெஸ் மடத்துத் துறவி ஜோசலின், எழுதச் சொன்னது கிளாஸ்கோ பிஷப், அவர் பேரும் ஜோசலின், ரெண்டு பேரையும் போட்டு குழப்பிக்காதீங்க. இந்த பிஷப் 1175ல இருந்து 1199 வரைக்கும் பதவில இருந்தவரு, சாமர்த்தியசாலி. ராஜா வில்லியம்கிட்ட பேசி கிளாஸ்கோவுக்கு சந்தை போடுற உரிமையோட பர்க், அதாவது நகரம்ங்கற அந்தஸ்து வாங்குனாரு. யார்க் ஆர்ச்பிஷப்புக்கு அடங்க வேண்டியதில்லைன்னு போப்கிட்டயும் உத்தரவு வாங்கிட்டாரு. கதீட்ரலைப் புதுசா கட்டி 1197ல அர்ப்பணமும் பண்ணாரு. புது கோயில், புது சந்தை, ஊருக்கு யாத்திரை ஜனம் வரணும், அப்போ தல புராணம் வேணுமா வேண்டாமா? அதைத்தான் எழுத வச்சாரு. நம்ம ஊர்ல இதெல்லாம் பார்க்காததா.

அப்புறம் 13ஆம் நூற்றாண்டுல ராபர்ட் விஷார்ட்னு ஒரு பிஷப். ஸ்காட்லாந்து சுதந்திரப் போர்ல ராபர்ட் புரூஸ் பக்கம் நின்னு ஜெயில் எல்லாம் பார்த்த ஆளு. அவரோட முத்திரைல மோதிரக் கதைய குட்டி குட்டி கட்டமா பிரிச்சு செதுக்கியிருக்காங்க, ராஜா கோபமா உட்கார்ந்திருக்காரு, ராணி இருக்கா, மீனோட ஆள் நிக்கிறான், கீழ பிஷப் முட்டி போட்டு ஜெபம் பண்றாரு. ஒரு மெழுகு வட்டத்துக்குள்ள இவ்ளோவும். அப்போ கிளாஸ்கோ பிஷப்போட ஊர், ஊரை நிர்வாகம் பண்ற ஆளை அவர்தான் நியமிப்பாரு, அதனால ஊர் முத்திரையும் அதே சரக்குதான், மங்கோ தலை, சுத்தி மீன், குருவி, மணி.

1560ல புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் வந்து பிஷப், புனிதர் எல்லாருக்கும் கெட்ட நேரம் ஆரம்பிச்சுது. பல கதீட்ரல் இடிஞ்சது, கிளாஸ்கோ கதீட்ரல் தப்பிச்சதே பெரிய விஷயம். ஆனா மீன், குருவி, மணி இதுக்கெல்லாம் யாரும் ஒண்ணும் பண்ணலை. இதை என் சொந்தக் கருத்தா சொல்றேன்: புனிதர் படம்னா சண்டை வரும், மரத்து மேல குருவின்னா யாருக்கு கோபம் வரும்? நாளாவட்டத்துல மடத்துல ஒடிச்ச கிளை வளர்ந்து முழு மரமாயிடுச்சு. பாட்டுல வளராத மரம்னு பாடுறாங்க, நிஜத்துல நல்லா வளர்ந்தது அது ஒண்ணுதான்.

அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒரு விதமா வரைய ஆரம்பிச்சாங்க. ஸ்காட்லாந்துல 1672ஆம் வருஷ சட்டப்படி லார்ட் லயன்னு ஒரு அதிகாரிகிட்ட பதிவு பண்ணாத சின்னத்தை யூஸ் பண்றது குற்றம், அவருக்குன்னு தனி கோர்ட் இன்னைக்கும் இருக்கு, கேஸ் நடத்த வக்கீலும் உண்டு. பெரிய நகராட்சி பதிவில்லாத சின்னத்தை வச்சு எத்தனை நாள் ஓட்ட முடியும்? கடைசியில 1866 அக்டோபர்லதான் லார்ட் லயன் முறையா வழங்குனாரு. நீங்க பார்க்கறது அந்த 1866 வரைவோட வாரிசு. 1975லயும் 1996லயும் நகராட்சி அமைப்பே மாறினப்ப திரும்ப வாங்குனாங்க, உள்ள இருக்கற சரக்கு மாறலை.

புனிதர் மறுபடியும் தலைக்கு மேல ஏறுனதும் அந்த வரைவுலதான், 19ஆம் நூற்றாண்டுல அதெல்லாம் பழங்காலப் பெருமையாயிடுச்சு, யாருக்கும் மத பயம் வரலை. அப்புறம் ஒரு கூத்து, வரைவுல மரம் ஓக்னு எழுதியிருக்கு. கதைப்படி ஹேசல் கிளை. அடுத்த தடவை நல்லா வரைஞ்ச பழைய கேடயத்தைப் பார்த்தா இலைய ஜூம் பண்ணிப் பாருங்க, ஓக் இலைக்கு ஓரம் அலை அலையா வளைஞ்சிருக்கும், ஹேசல் இலை உருண்டையா ஓரத்துல ரம்பம் மாதிரி பல்லு பல்லா இருக்கும்.

மீனா லீட்ஸ்:

சகுந்தலைன்னு மேல ஒருத்தர் போட்டுட்டு ஓடிட்டாரு, அதை அப்படியே விட மனசில்லை. மகாபாரதத்துல வர்ற சகுந்தலை கதைல மோதிரமே கெடையாது, சாபமும் கெடையாது, அவ சபைல நின்னு துஷ்யந்தனை கேள்வி மேல கேள்வி கேப்பா. மோதிரம், மீன், செம்படவன் எல்லாம் காளிதாசன் நாடகத்துல வந்தது. ஹெரோடோட்டஸ் எழுதுனதுல கூட பாலிகிரட்டிஸ்னு சாமோஸ் தீவு ராஜா தன் மோதிரத்தைக் கடல்ல வீசுவான், அது மீன் வயித்துல திரும்பி வந்துடும். ஆக இது ஊர் ஊரா சுத்துன கதை, யாரு யாருகிட்ட எடுத்தாங்கன்னு சண்டை போட்டு பிரயோஜனம் இல்லை.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? சகுந்தலைக்கு மோதிரம் கெடைச்சது அவ சொன்னது உண்மைன்னு நிரூபிக்க. இந்த ராணிக்கு மோதிரம் கெடைச்சது அவ பண்ண தப்பை மூடி மறைக்க. ஒரு புனிதர் கூட்டு சேர்ந்து புருஷனை ஏமாத்துன கதைய ஒரு ஊரே நெத்தியில ஒட்டி வச்சிருக்கு, எனக்கு அந்த ஊர் மேல மரியாதை கூடிப் போச்சு.

முத்திரை மாமா:

மீனா அக்கா, ராணி ஒத்துக்கிட்டு மனம் திருந்துனதுக்குத்தான் புனிதர் உதவி பண்ணாருங்கறது எழுதுன துறவியோட லைன். பாவ மன்னிப்பு கதையாத்தான் அவர் விக்கிறாரு.

மீனா லீட்ஸ்:

அவர் வித்தாரு சரி, வாங்குனவங்க என்ன நினைச்சு வாங்குனாங்களோ.

தூரதேசத்துக்காரன்:

அண்ணா, மாமா, அக்கா எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்ளோ எதிர்பார்க்கலை. இன்னும் ரெண்டு டவுட். மணிய பத்தி யாரும் பெருசா சொல்லலையே? கீழ ரிப்பன்ல "கிளாஸ்கோ செழிக்கட்டும்"னு இருக்கே, அது எப்போ வந்தது? கிளாஸ்ல ஒருத்தி அது புகையிலை வியாபாரிங்க வச்சதுன்னு சொன்னா.

கிளைட் ஆத்தங்கரை:

மணி ரோம்ல இருந்து வந்ததுங்கறது புராணம், ஆனா ஊருக்குள்ள நிஜமாவே செயின்ட் மங்கோ மணின்னு ஒண்ணு இருந்துச்சு. 1450ல ஜான் ஸ்டூவர்ட், கிளாஸ்கோவோட மொத ப்ரொவோஸ்ட், நம்ம ஊர் மேயர் மாதிரி, அவர் ஒரு மணிக்கு பணம் ஒதுக்குனாரு. தான் செத்த பிறகு தெருவுல அதை அடிச்சுட்டுப் போயி ஜனங்களைத் தன் ஆத்மாவுக்காக ஜெபம் பண்ணக் கூப்பிடணும்னு. அது தேஞ்சோ தொலைஞ்சோ போயி 1641ல வேற ஒண்ணு வாங்குனாங்க, அந்த ரெண்டாவது மணி இன்னும் பத்திரமா கிளாஸ்கோ கிரீன்ல இருக்கற பீப்பிள்ஸ் பேலஸ் மியூசியத்து சேகரிப்புல இருக்கு. அடிக்காத மணின்னு பாடுறதுதான் அநியாயம், அந்த மணிக்கு அடிக்கறதைத் தவிர வேற வேலையே இல்லை.

வாசகத்துல நீ பார்க்கறது பாதி தம்பி. 1631ல ட்ரான் சர்ச்சுக்கு ஒரு மணி வார்த்தாங்க, அதுல முழுசா "ஆண்டவரே, உம்முடைய வார்த்தையைப் பிரசங்கிப்பதாலும் உம்முடைய நாமத்தைத் துதிப்பதாலும் கிளாஸ்கோ செழிக்கட்டும்"ங்கற அர்த்தத்துல பொறிச்சிருக்காங்க. பக்தி முத்துன புராட்டஸ்டன்ட் வாசகம். 1866ல பதிவாகும்போது முன்னாடி ஆண்டவரும் இல்லை, பின்னாடி பிரசங்கமும் இல்லை, நடுத்துண்டு மட்டும் நின்னுடுச்சு. அந்த சர்ச் 1793ல எரிஞ்சு போச்சு, கோபுரம் மட்டும் ட்ரான்கேட்ல நிக்குது, ஒரு நாள் அந்தப் பக்கம் போனா பாரு.

சும்மா ஒரு ஆளு:

உன் கிளாஸ் பொண்ணு சொன்னதுல நியாயம் இருக்கு ப்ரோ. அந்த ஊரு செழிச்சது எதுல? 1707ல இங்கிலாந்தோட யூனியன் ஆனதும் அமெரிக்க வியாபாரம் தெறந்து விட்டாங்க, வர்ஜீனியா புகையிலை, கரீபியன் சர்க்கரை, எல்லாம் அடிமைங்க உழைப்பு. புகானன் ஸ்ட்ரீட், கிளாஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் எல்லாம் அந்த வியாபாரிங்க பேருதான், வர்ஜீனியா ஸ்ட்ரீட், ஜமைக்கா ஸ்ட்ரீட்னு தோட்டம் இருந்த ஊர் பேருகூட இருக்கு. 2022ல கவுன்சிலே மன்னிப்பு கேட்டுச்சு. ஆண்டவரை வெட்டிட்டு "செழிக்கட்டும்"னு மட்டும் வச்சவன் கல்லாப்பெட்டி முன்னாடி உட்கார்ந்தவனாத்தான் இருப்பான்.

முத்திரை மாமா:

தெரு பேரு, மன்னிப்பு எல்லாம் சரி, அதுல எனக்கு சண்டை இல்லை. வாசகத்தை அவங்க தலைல கட்டுறதுதான் இடிக்குது. அமெரிக்கா 1776ல பிரிஞ்சு போனதோட கிளாஸ்கோ புகையிலை ராஜாங்க கதை முடிஞ்சுது, பல பேரு திவால். சின்னம் பதிவானது 1866ல, அதுக்குள்ள ரெண்டு மூணு தலைமுறை போயாச்சு. அப்போ ஊர்ல காசு பண்ணிட்டு இருந்தது இரும்பு, இன்ஜின், கப்பல். கல்லாப்பெட்டிதான் காரணம்னா கூட அது வேற கல்லாப்பெட்டி. இன்னொண்ணு, ஒரு ரிப்பன்ல எழுதற வாசகம் பெரும்பாலும் சில வார்த்தையைத் தாண்டாது, 1631 வாசகத்தை முழுசா எழுதுனா ரிப்பன் மீன் வாலைச் சுத்திக்கிட்டு முதுகுப் பக்கம் போயிடும்.

சும்மா ஒரு ஆளு:

இடம் பத்தலைன்னா கிளாஸ்கோவை வெட்டியிருக்கலாம்ல, ஆண்டவரைத்தான் வெட்டணுமா.

மீனா லீட்ஸ்:

ஹாஹா இது பாயிண்ட்.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது கிளைட் ஆறுதான். 1866ல மூணு சால்மனை போட்டு சின்னம் வாங்குறாங்க, அதே சமயத்துல கப்பல் பட்டறை, கெமிக்கல் ஃபேக்டரி, சாயப்பட்டறை, ஊர் சாக்கடை எல்லாம் அந்த ஆத்துலதான் கலக்குது. கிளாஸ்கோ பக்கத்துல சால்மனே அத்துப் போச்சு. கேடயத்துல கொழுகொழுன்னு மூணு, ஆத்துல ஒண்ணும் இல்லை. கனரகத் தொழிலெல்லாம் படுத்து சாக்கடை சுத்திகரிப்பும் வந்த பிறகு 1980கள்லதான் மீன் திரும்பி வந்துச்சு. நொய்யல் கரையில பொறந்து வளர்ந்தவ நான், அது எப்படி முடிஞ்சுதுன்னு கேக்கறப்ப ஒரு பொறாமை வரத்தான் செய்யுது.

தூரதேசத்துக்காரன்:

செம. அப்போ வீக்கெண்ட்ல கெளம்பலாம்னு இருக்கேன், எதை மிஸ் பண்ணக் கூடாது?

கிளைட் ஆத்தங்கரை:

கதீட்ரலுக்கு உள்ள போயி கீழ் தளத்துக்கு இறங்கு, மங்கோ கல்லறை அங்கதான். ஹை ஸ்ட்ரீட்ல ஒரு கட்டடச் சுவர் முழுக்க பெரிய பெயின்டிங் இருக்கும், தலைல குல்லா போட்டு நம்ம காலத்து ஆள் மாதிரி ஒருத்தர் விரல்ல ராபின் குருவிய வச்சிட்டு நிப்பாரு, 2016ல ஸ்மக்ங்கற ஓவியர் வரைஞ்சது, அதுவும் மங்கோதான், தலைக்குப் பின்னாடி ஒளிவட்டத்தைத் தேடிப் பாரு. ஜார்ஜ் ஸ்கொயர்ல 1888ல தெறந்த சிட்டி சேம்பர்ஸ், வாசல் தாண்டுனதும் தரையில மொசைக்ல முழுச் சின்னமும் இருக்கு. நீ படிக்கிறது கிளாஸ்கோ யூனிவர்சிட்டியா இருந்தா உன் ஐடி கார்டையும் எடுத்துப் பாரு, 1451ல போப் உத்தரவோட ஆரம்பிச்ச இடம், அவங்க சின்னத்துலயும் இதே மரம், மீன், குருவி, மணிதான், கூட ஒரு புத்தகமும் செங்கோல் மாதிரி ஒரு தண்டமும் இருக்கும். ஜனவரி 13 மங்கோ நாள், அதுக்கு முன்னாடி போனா கூட்டம் கம்மி. நல்ல ஜாக்கெட் போட்டுட்டு போ, கதீட்ரலுக்குப் பின்னாடி மேட்டுல காத்து பிச்சுக்கும்.